ஜிம் ரீவ்ஸுக்குப் பாட்டு எழுதிய சிண்டி வாக்கர்

அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடிய ‘டிஸ்டன்ட் ட்ரம்ஸ்’ பாட்டை எழுதியவர் பெயர் சிண்டி வாக்கர். டெக்சாஸ் மாநிலத்தில் மார்ட் என்ற சின்ன ஊரில் பிறந்து, அதற்குப் பக்கத்திலேயே மெஹேயா என்ற இன்னொரு சின்ன ஊரில் 2006-இல் காலமானவர். இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதிய பாட்டுகளில் 500-க்கும் மேல் இசைத்தட்டில் ஏறியிருக்கின்றன. பிங் கிராஸ்பி, பாப் வில்ஸ், எடி ஆர்னால்ட், ராய் ஆர்பிசன், ரே சார்ல்ஸ், எல்விஸ் பிரெஸ்லி, வில்லி நெல்சன் என்று பாடியவர்கள் வரிசை நீளும். இவ்வளவு பேர் வாயில் பாட்டைக் கொடுத்த ஒரு பெண்மணியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் திருச்சி பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலனியில் எங்கள் எதிர் வீடு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த வீட்டு அங்கிள் ரெக்கார்டு பிளேயரைத் திண்ணைப் பக்கம் இழுத்து வைப்பார். அப்புறம் மதியச் சாப்பாடு வரைக்கும் ஜிம் ரீவ்ஸ்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்தக் குரலுக்கு இருந்த மரியாதை சாதாரணமானதல்ல. இங்கிலீஷ் தெரியாதவர்கள்கூட முணுமுணுப்பார்கள். “இதெல்லாம் யாரு அங்கிள் எழுதுறது?” என்று கேட்டால், “அவன்தான் பாடுறானே, அவனேதான் எழுதியிருப்பான் பாப்பா” என்பார். ரெக்கார்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அது யாரென்று யாரும் கவலைப்பட்டதில்லை. சினிமாப் பாட்டு என்றால் மெட்டு ஒருவர், வரிகள் ஒருவர் என்று நமக்குத் தெரியும். கண்ணதாசனா வாலியா என்று பந்தயமே கட்டுவோம். ஜிம் ரீவ்ஸ் பாடிய கன்ட்ரி இசையில், அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த பாட்டு வகையில், பெரும்பாலும் மெட்டும் வரியும் ஒரே ஆளிடமிருந்து பிறக்கும். அந்த ஆள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பாடகர்களைத் தேடிப் போக வேண்டும். சிண்டி வாக்கர் அப்படிப் போனவர்.

போன விதம் அலாதியானது. 1940-இல் அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அப்பா பருத்தி வாங்கி விற்கும் வியாபாரி. வேலை விஷயமாக லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பியவருடன் அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். சன்செட் பூலவார்டில் கார் போய்க்கொண்டிருக்கும்போது ‘கிராஸ்பி பில்டிங்’ என்ற பலகை மகள் கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னார். உனக்கென்ன பைத்தியமா என்கிற மாதிரி அப்பா சத்தம் போட்டாராம். பெண் கேட்கவில்லை. உள்ளே போய், அப்போது பெரிய பாடகரும் நடிகருமாக இருந்த பிங் கிராஸ்பிக்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்ல, பிங்கின் அண்ணன் லாரி கிராஸ்பியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தம்பிக்கு ஒரு கௌபாய்ப் பாட்டு தேவைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சரி, பாடு என்றதும் இவர் வெளியே ஓடினார், காரில் இருந்த அம்மாவைப் பியானோ வாசிக்க இழுத்துக்கொண்டு வருவதற்கு. மறுநாள் பாரமவுண்ட் ஸ்டூடியோவில் கிட்டாரோடு நின்று பிங் கிராஸ்பிக்கே பாடிக் காட்டினார். ‘லோன் ஸ்டார் டிரெயில்’ என்ற அந்தப் பாட்டை அவர் ரெக்கார்டு செய்தார். டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி சிண்டியையே பாடகியாக ஒப்பந்தம் செய்துகொண்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் அதிர்ஷ்டம் என்ற இடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பெண்ணின் பையில் அப்போதே பாட்டுகள் இருந்தன. முப்பதுகளின் புழுதிப் புயல்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வயதில் எழுதிய ‘டஸ்டி ஸ்கைஸ்’ அதில் ஒன்று. மாடுகளை ஓட்டிக்கொண்டு, புழுதி மூடிய நிலத்தை விட்டுக் கிளம்புகிறவனின் பாட்டு அது. ஃபோர்ட் வொர்த் நகரத்தின் காசா மன்யானா அரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது அந்த இடத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அது அன்றைக்குப் பிரபலமான பால் வைட்மேனின் வாத்தியக் குழு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மாவின் அப்பா எஃப்.எல். ஐலண்ட், ‘ஹோல்ட் டு காட்ஸ் அன்சேஞ்சிங் ஹாண்ட்’ என்ற கீர்த்தனைக்கு மெட்டமைத்தவர். அம்மா ஓரீ நல்ல பியானோக்காரர். கார் நின்றது ஒரு நிமிட முடிவாக இருக்கலாம். பாட்டு பல வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமே பாப் வில்ஸ். டெக்சாஸ் நாட்டுப்புற ஃபிடிலையும் ஜாஸையும் கலந்து நடன அரங்குகளை நிரப்பியவர், வெஸ்டர்ன் ஸ்விங் என்ற பாணியின் பெரிய கை. அவருடைய குழுவின் பஸ் ஹாலிவுட்டில் கண்ணில் பட்டதும், சிண்டி ஹோட்டல் ஹோட்டலாக ஃபோன் போட்டு அவர் தங்கியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். கையில் இருந்த பாட்டுகளைப் பாடிக் காட்டினார். 1941-இல் ‘டஸ்டி ஸ்கைஸ்’, ‘செரோக்கீ மெய்டன்’ உட்பட ஐந்து பாட்டுகளை வில்ஸ் பதிவு செய்தார். அதற்கப்புறம் வில்ஸ் நடித்த எட்டுப் படங்களுக்கு 39 பாட்டு எழுதிக் கொடுத்தார். மொத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிண்டி வாக்கர் பாட்டுகளை வில்ஸ் பாடியிருக்கிறார். ‘பபிள்ஸ் இன் மை பியர்’ என்று மதுக்கடையில் ஒருவன் தனியாக உட்கார்ந்து குவளை நுரையில் தன் வாழ்க்கையைப் பார்க்கிற பாட்டு. அதை எழுதியதில் முக்கியப் பங்கு இந்த, தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண்ணுக்கு.

பாடகியாகவும் ஒரு ஓட்டம் இருந்தது. 1944-இல் ‘வென் மை ப்ளூ மூன் டர்ன்ஸ் டு கோல்ட் அகெய்ன்’ என்ற, வேறொருவர் எழுதிய பாட்டைப் பாடி ஹிட் கொடுத்தார். மேடையேறுவதிலும் படம் பிடித்துக்கொள்வதிலும் அவருக்கு நாட்டமில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டார்.

எழுத்தைப் பிழைப்பாக வைப்பது என்றால் என்ன கணக்கு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1909-ஆம் வருஷச் சட்டப்படி, விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட். இந்த விகிதம் 1977 வரைக்கும் மாறவில்லை. அதிலும் பாதி வழக்கமாகப் பாட்டின் உரிமையைக் கையாளும் பப்ளிஷருக்குப் போகும். ஆக எழுதியவருக்கு ஒரு தட்டுக்கு ஒரு சென்ட். வானொலியில் ஒலிபரப்பானால் தனி வருமானம் உண்டு. அங்கே வானொலி எழுதியவருக்குப் பணம் கொடுக்கிறது, பாடியவருக்குக் கொடுப்பதில்லை. அந்தப் பணத்தை வசூலிக்க அதுவரை இருந்த அமைப்பு பெரும்பாலும் நியூயார்க் மேடை நாடகக்காரர்களையும் ஹாலிவுட்காரர்களையுமே கண்டுகொண்டது. 1939-இல் வானொலி நிலையங்கள் சேர்ந்து பி.எம்.ஐ. என்ற புது அமைப்பைத் தொடங்கின. 1941-இல் பழைய அமைப்போடு சண்டை முற்றி, மாதக்கணக்கில் அவர்கள் பாட்டையே வானொலிகள் போடவில்லை. ஒலிபரப்பப் பாட்டு வேண்டுமே! அப்போதுதான் டெக்சாஸ், டென்னஸி மாதிரி இடங்களில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. சிண்டி வாக்கர் வந்து சேர்ந்தது அந்தச் சமயம்.

ஒரு தட்டுக்கு ஒரு சென்ட் என்றால் ஒரே பாட்டைப் பலர் பாட வேண்டும், பல வருஷம் பாட வேண்டும். ‘செரோக்கீ மெய்டன்’ பாட்டை 1976-இல் மெர்ல் ஹாகர்ட் பாடி கன்ட்ரி ஹிட் பாட்டுகளின் வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். எழுதி 35 வருஷம் கழித்து!

1954-இல் கலிஃபோர்னியாவை விட்டு மெஹேயாவுக்குத் திரும்பி, அம்மாவோடு குடியேறினார். கன்ட்ரி பாட்டுத் தொழில் முழுக்க டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரத்தில் குவிந்துகொண்டிருந்த காலம். எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கேயே வீடெடுத்து, ராத்திரி ஒரே கடையில் குடித்து, ஒருவர் பாட்டை ஒருவர் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் வருஷத்தில் சில மாதங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பாட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவார். மற்ற நாளெல்லாம் மெஹேயா வீடு. விடியுமுன் எழுந்து, கறுப்புக் காபியோடு மாடியேறி, இளஞ்சிவப்பு அடித்த, பூப் போட்ட ராயல் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மெட்டுக்கு வாத்தியம் சேர்த்துச் செப்பம் செய்வதில் ஓரீ அம்மாள் கூட இருப்பார். எனக்கு இந்த வாழ்க்கை முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான்: ஒரு வீடு, ஒரு பியானோ, ஒரு டைப்ரைட்டர், தாயும் மகளும்.

நான் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் ரெமிங்டன் மெஷினில் பாஸ் செய்து, பணி ஓய்வு வரைக்கும் விசைப்பலகையோடு இருந்தவள். மெஷினில் அடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். அடித்ததை அழிக்க முடியாது, அதனால் வரியை மனசில் முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விரல் இறங்கும். சிண்டி வாக்கர் வரிகளில் அந்தச் சுத்தம் தெரிகிறது. எடுத்துவிடலாம் என்று தோன்றுகிற சொல் ஒன்றும் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத சொல்லும் இல்லை.

‘யூ டோன்ட் நோ மீ’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பையும் கருவையும் சொன்னவர் பாடகர் எடி ஆர்னால்ட். 1955-இல் நாஷ்வில் மாநாடு ஒன்றில் பார்த்தபோது, ஒரு பெண்ணை உள்ளுக்குள் நேசிக்கிறவன், அவளிடம் சொல்லாதவன், இதை எழுத முடியுமா என்று கேட்டார். கேட்பதற்குச் சாதாரணமான கரு. சிண்டி அதை எப்படிக் கட்டினார் பாருங்கள். அவள் கை நீட்டி நலம் விசாரிக்கிறாள், இவனுக்குப் பேச்சு வரவில்லை. பாட்டு முடியும்போது அவள் மறுபடி கை கொடுத்து விடைபெறுகிறாள், கொடுத்துவைத்த இன்னொருவனோடு நடந்து போகிறாள். ஒரு கைகுலுக்கலுக்கும் இன்னொரு கைகுலுக்கலுக்கும் நடுவில் மொத்தக் காதலும் வந்து போய்விடுகிறது. அழுகிறேன், சாகிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும், உனக்கு என்னைத் தெரியாது என்று மட்டும் வந்து நிற்கிறான்.

எடி ஆர்னால்ட் இதை 1956-இல் பாடினார். மெல்லிய, சபையில் கூச்சப்படுகிற குரல். அந்தக் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பாட்டு. 1962-இல் ரே சார்ல்ஸ், கறுப்பினப் பாடகர், தான் கேட்டு வளர்ந்த கன்ட்ரி பாட்டுகளை வயலின் கூட்டத்தோடும் கோரஸோடும் பாடி ஓர் ஆல்பம் போட்டார். அதில் இந்தப் பாட்டு அமெரிக்க பாப் வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆர்னால்டிடம் கூச்சமாக இருந்தது ரே சார்ல்ஸிடம் வேதனையாக மாறுகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. அதற்குப் பிறகு எல்விஸ் பாடினார். 1981-இல் மிக்கி கில்லி பாடி கன்ட்ரியில் முதலிடம் வாங்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்: ரே சார்ல்ஸ் பாடியதற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்றும் இல்லை.

ராய் ஆர்பிசனுக்குக் கொடுத்த ‘ட்ரீம் பேபி’ நேர் எதிர். காகிதத்தில் படித்தால் ஒன்றுமே இல்லை, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆர்பிசனின் குரல் கீழே தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சியில் போய் வெடிக்கிற குரல். அதற்கு ஏற இடம் வேண்டும், யோசிக்க வைக்கிற வரி வந்தால் ஏறுவது தடைப்படும். இதைத் தெரிந்து, படிகளை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1962-இல் அமெரிக்காவில் நான்காம் இடம், பிரிட்டனில் இரண்டாம் இடம்.

ஜிம் ரீவ்ஸுக்கு வேறு அளவு. அவர் முதலில் குரலை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தவர். 1957-இல் செட் அட்கின்ஸ் தயாரிப்பில் ‘ஃபோர் வால்ஸ்’ பாடும்போது மைக்கை உதட்டோடு ஒட்டி, குரலை இறக்கி, காதில் பேசுகிற மாதிரி பாடினார். அதிலிருந்துதான் நாம் அறிந்த ஜிம் ரீவ்ஸ். சிண்டி அடுத்ததாக அவருக்குக் கொடுத்த ‘அன்னா மரீ’ அந்தக் காதோரக் குரலுக்கே பொருந்துவது. ‘டிஸ்டன்ட் ட்ரம்ஸ்’ பாட்டில் ஒருவன் மேரி என்ற பெண்ணிடம், தூரத்தில் முரசு கேட்கிறது, நான் போக வேண்டி வரலாம், அதற்குள் என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று கேட்கிறான். போரைப் பற்றிய பாட்டு, ஆனால் ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லை. ரீவ்ஸ் இதைச் சின்னப் பக்கவாத்தியத்தோடு டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாகத்தான் பாடி வைத்திருந்தார். 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கம்பெனி அந்தப் பதிவை எடுத்து, அவர் குரலுக்குப் பின்னால் புதிதாக ஆர்க்கெஸ்ட்ரா சேர்த்து 1966-இல் வெளியிட்டது. வியட்நாம் போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம். அமெரிக்கக் கன்ட்ரி வரிசையில் முதலிடம். பீட்டில்ஸ் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். அதே பதிவுதான் பொன்மலைத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. ரீவ்ஸ் இறந்த பிறகு 1965-இல் முதலிடம் வந்த ‘திஸ் இஸ் இட்’ பாட்டும் சிண்டி எழுதியதுதான்.

1991-இல் ஓரீ அம்மாள் காலமானார். 1997-இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவ வரிசையில் சிண்டி வாக்கரைச் சேர்த்தார்கள். உயிரோடு இருக்கும் கன்ட்ரி பாட்டாசிரியர்களில் மிகப் பெரியவர் இவர்தான் என்று சொன்னவர் ஹார்லன் ஹோவர்ட்; அவரும் அதே பட்டத்துக்கு உரிய பாட்டாசிரியர்தான். மேடையில் சிண்டி நீளமாக நன்றி சொல்லவில்லை. எதுகையோடு ஒரு குட்டிக் கவிதை சொன்னார். அதன் சாரம் இது: “எண்பதுகளில் பி.எம்.ஐ. விழாவுக்காக அம்மா ஒரு உடுப்பு வாங்கிக் கொடுத்தார். உன்னை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கும் நாளில் இதைத்தான் உடுத்த வேண்டும் என்றார். அதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது அம்மா என்று நான் சொன்னேன். இன்று அம்மா இல்லை, இந்த ராத்திரி நான் போட்டிருப்பது அந்த உடுப்பு.” அரங்கம் எழுந்து நின்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தக் காருக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்ட அம்மா, முன்பின் தெரியாத ஓர் ஆபீஸ் பியானோவில் உட்கார்ந்து வாசித்த அம்மா அல்லவா!

வில்லி நெல்சன் முழுக்க இவர் பாட்டுகளையே பாடி ஓர் ஆல்பம் செய்தார். தயாரித்தவர் ஃப்ரெட் ஃபாஸ்டர், நாற்பது வருஷத்துக்கு முன் 1964-இல் சிண்டியையே பாட வைத்து ஆல்பம் வெளியிட்ட பழைய நண்பர். முன்பு பாப் வில்ஸின் குழுவில் இருந்த ஜானி கிம்பிள் அதில் ஃபிடில் வாசித்திருக்கிறார். 2006 மார்ச் 14 அன்று அந்த ஆல்பம் வெளிவந்தது. மார்ச் 23 அன்று சிண்டி வாக்கர் மறைந்தார்.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு என் சிபாரிசு, முதலில் அந்த வில்லி நெல்சன் ஆல்பம். ஒரே குரலில் கேட்கும்போதுதான் எழுதியவரின் கை தனியாகத் தெரியும். பிறகு ‘யூ டோன்ட் நோ மீ’ பாட்டை எடி ஆர்னால்ட், ரே சார்ல்ஸ் இருவரிடமும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ப்ளூ கனேடியன் ராக்கீஸ்’ பாட்டை 1968-இல் பேர்ட்ஸ் என்ற ராக் குழு பாடியிருக்கிறது, இளசுகளுக்கு அது பிடிக்கும். அதற்கப்புறம் ‘ஜிம், ஐ வோர் எ டை டுடே’. ஒன்றாகவே அலைந்த இரண்டு சிநேகிதர்களில் ஒருவன் போய்விட்டான். மற்றவன் இறுதிச் சடங்குக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய் என்று செத்தவனிடமே சொல்கிறான். 1985-இல் ஜானி கேஷும் வில்லி நெல்சனும் ‘ஹைவேமேன்’ என்ற ஆல்பத்துக்காகப் பாடிய பதிவைத் தேடி எடுங்கள். அவர் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் கட்சி. ‘டிஸ்டன்ட் ட்ரம்ஸ்’தான் என்று வாதாடுகிறவர்கள் கீழே எழுதுங்கள்.